என் குணத்துக்கு மூலப்பத்திரம் எது?

‘எழுதும்போது சின்ன விவரத்தைக்கூட விடமாட்டேன். ஆம் / இல்லை.’

ஆஸ்பத்திரியில் குணத்தைச் சோதிக்கக் கொடுத்த படிவத்தில் இந்த மாதிரி ஒரு வரி. நான் கும்பகோணத்தில் பத்திரம் எழுதுகிறவன். கிழமேல் எத்தனை அடி, தென்வடல் எத்தனை அடி, வடக்கே யார் வீட்டுச் சுவர், அந்தச் சுவர் பொதுவா தனியா, கொல்லைக் கிணற்றில் யாருக்குப் பாதி பாத்தியம், மாமூல் வழிநடை எந்தப் பக்கம்? இதில் ஒன்று விட்டுப்போனாலும் பத்து வருஷம் கழித்து இரண்டு குடும்பம் கோர்ட்டில் நிற்கும். விவரம் விடாமல் எழுதத்தான் எனக்குக் கூலியே. ‘ஆம்’ என்று சுழித்தேன். அடுத்த வரி, சொல்ல வந்ததைச் சுருக்கமாகச் சொல்ல வராமல் சுற்றி வளைப்பது பற்றி. அதற்கும் ‘ஆம்’. அதற்கடுத்தது, மற்றவர்களைவிட நிறைய எழுதுவது பற்றி. வேறென்ன போட?

எதிரே உட்கார்ந்திருந்த சைக்காலஜிஸ்ட் மேடத்துக்கு என் கடைசித் தங்கை வயசு இருக்கும். தாளைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “சார் என்ன வேலை பாக்குறீங்க?” என்றார். சொன்னேன். சிரித்துவிட்டார். “அப்போ இந்த மூணுக்கும் பக்கத்துல தொழில்னு குறிச்சுக்கிறேன்.”

அந்தக் குறிப்பைப் போடாத ஆளிடம் நான் மாட்டியிருந்தால், என் கோப்பில் ‘வலிப்பு நோயாளிக்குரிய குணங்கள் தெளிவாக உள்ளன’ என்று ஒரு வரி ஏறியிருக்கும். இந்தப் பதிவே அதைப் பற்றித்தான்.

எனக்கு வலிப்பு வந்தது எட்டாம் வகுப்பில். அதற்கு முன்பு கைக்குழந்தையாக இருந்தபோது கடுங்காய்ச்சலில் ஒருமுறை வெகுநேரம் வெட்டி இழுத்ததாக அம்மா சொல்லுவாள். எனக்கு வருகிற வலிப்பு சினிமாவில் காட்டுகிற மாதிரி இருக்காது. கீழே விழுவதும் நுரை தள்ளுவதும் அபூர்வம். அடிவயிற்றிலிருந்து என்னவோ ஒன்று எழும்பித் தொண்டை வரைக்கும் வரும். பார்க்கிற இடம், கேட்கிற பேச்சு எல்லாம் ஏற்கெனவே ஒருமுறை நடந்தது போலிருக்கும். அதற்கப்புறம் எனக்கு ஒன்றும் தெரியாது. பார்த்தவர்கள் சொல்லித்தான் தெரியும்: வெறித்துப் பார்ப்பேனாம், உதட்டைச் சப்புக் கொட்டுவேனாம், சட்டைப் பொத்தானைத் தடவித் தடவிக் கழற்றப் பார்ப்பேனாம். ஒன்றிரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். முடிந்த பிறகு கொஞ்ச நேரத்துக்குப் பெயர்கள் வராது. எதிரே நிற்கிற மனைவியைத் தெரியும், அவள் பெயர் வராது.

எம்.ஆர்.ஐ. எடுத்ததில் இடது டெம்பொரல் மடலின் (மூளையில் காதை ஒட்டிய பகுதி) உள்பக்கம், ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் சுருங்கித் தழும்பேறியிருக்கிறது என்று தெரிந்தது. பொருத்தமான இரண்டு மருந்தை முறையாகக் கொடுத்தும் வலிப்பு நிற்காவிட்டால் அதை மருந்துக்கு அடங்காத வலிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம் என 2010-ல் சர்வதேச வலிப்பு எதிர்ப்பு அமைப்பு வரையறை செய்தது. நான் அந்தக் கோட்டை எப்போதோ தாண்டியாயிற்று. அதனால் ஆபரேஷன் பேச்சு வந்தது. வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் சாண்டியும் பால்தேவ் சிங்கும் 1952-லேயே வலிப்புக்கு மண்டையைத் திறந்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் இன்றைக்கும் ‘மூளையில கத்தி வச்சா ஆள் பைத்தியமாயிடும்’ என்றுதான் பேச்சு. எழுபது வருஷம் போதவில்லை போலிருக்கிறது.

ஆபரேஷனுக்கு முன்னால் வீடியோ இ.இ.ஜி. (மூளையின் மின் அலைகளைப் பதிந்துகொண்டே ஆளையும் படம் பிடிப்பது), ஞாபகசக்திப் பரிசோதனை, அதோடு இந்தக் குணப் பரிசோதனை. ‘வலிப்புக்குத்தானே வைத்தியம், என் குணத்தை எதற்கு நோண்டுகிறார்கள்?’ என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. காரணத்தை மேடம் சொன்னார். ஆபரேஷனுக்கு அப்புறம் சிலருக்கு மனச்சோர்வு, பதற்றம் புதிதாக வரும் அல்லது கூடும். முன்னால் எப்படி இருந்தார் என்பது எழுத்தில் இல்லாவிட்டால் பின்னால் எதோடு ஒப்பிடுவது? நிலத்தை அளக்காமலே வேலி போடுகிற ஆட்களைத் தினமும் பார்க்கிறவன் நான். உடனே புரிந்தது.

வீட்டுக்கு வந்ததும் இந்தப் படிவங்களின் பூர்வீகத்தைத் தேட ஆரம்பித்தேன். வலிப்புக்காரனுக்கென்று தனிக் குணம் உண்டு என்கிற நம்பிக்கை பழசு. முன்கோபி, பிடிவாதக்காரன், நம்ப முடியாதவன் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பிய டாக்டர்களே புத்தகத்தில் எழுதிவைத்தார்கள். அவர்களில் பலர் பார்த்தது காப்பகங்களில் வருஷக்கணக்காக அடைபட்டுக் கிடந்தவர்களை. அப்படி அடைத்துவைத்தால் யாருக்குத்தான் கோபம் வராது? அந்தக் கேள்வி அன்றைக்கு அதிகம் பேருக்குத் தோன்றவில்லை.

1970-களில் பாஸ்டனில் நார்மன் கெஷ்விண்ட் என்ற நரம்பியல் மருத்துவர் இதை வேறு விதமாகப் பார்த்தார். டெம்பொரல் மடலில் வலிப்பு உள்ள சிலர் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள், பக்தியும் தத்துவமும் அதிகம் பேசுகிறார்கள், காம நாட்டம் குறைந்திருக்கிறது, பேச ஆரம்பித்தால் விடமாட்டேன் என்கிறார்கள் என்று அவரும் ஸ்டீபன் வாக்ஸ்மனும் எழுதினார்கள். கெஷ்விண்ட் இதை இழிவாகச் சொல்லவில்லை. மூளையின் ஒரு மூலை உணர்ச்சியோடு எப்படிப் பின்னிக் கிடக்கிறது என்பதைக் காட்டும் ஜன்னலாகத்தான் பார்த்தார். 1977-ல் டேவிட் பேர், பால் ஃபெடியோ என்ற இருவர் அதைக் கேள்வித்தாளாக்கினார்கள். பதினெட்டுக் குணங்கள். நோயாளி நிரப்ப ஒரு படி, அவரை நன்றாகத் தெரிந்தவர் நிரப்ப இன்னொரு படி. நான் நிரப்பியது அதேதானா என்று தெரியவில்லை, ஆனால் சாயல் அப்படியே இருந்தது.

அந்தப் பதினெட்டையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாளில் எழுதிவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். (பார்த்தீர்களா, எழுதிவைத்துக்கொண்டு!) நாங்கள் ஒரு மனைக்குப் பத்திரம் போடுமுன் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ள மாட்டோம். மூலப்பத்திரம் எங்கே என்று கேட்போம். யாரிடமிருந்து வந்தது, எந்த வருஷம் கைமாறியது, நடுவில் ஏதாவது வில்லங்கம் உண்டா? அதே மாதிரி ஒவ்வொரு குணத்துக்கும் கேட்டுப் பார்த்தேன்.

சார்ந்திருத்தல். பிறரை நம்பியே வாழ்கிறாராம். உண்மைதான். ஆஸ்பத்திரிக்கும் ஆபீசுக்கும் மனைவியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துதான் போகிறேன். ஓட்டுநர் உரிமத்துக்கான உடல்தகுதி உறுதிமொழியில் வலிப்பு உண்டா என்று நேராகவே கேட்கிறார்கள். பொய் சொல்லாதவன் சார்ந்துதான் இருக்க வேண்டும். இந்தக் குணத்தின் மூலம் என் டெம்பொரல் மடலில் இல்லை, மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது.

பக்தி. மகாமகக் குளக்கரையில் வளர்ந்தவனிடம் பக்தி அதிகமா என்று கேட்டால் யாரோடு ஒப்பிடுவது? எங்கள் தெருவில் பிரதோஷத்தைத் தவறவிடாதவர்கள் வீட்டுக்கு ஒருவர் உண்டு, அவர்களில் யாருக்கும் வலிப்பில்லை. அம்மா என்னை ஏறாத கோயில் படி ஏற்றியிருக்கிறாள். குணசீலத்துக்கும் கூட்டிப்போனாள். மனநிலை சரியில்லாதவர்களைக் கொண்டுபோய்த் தங்கவைக்கிற கோயில் அது. இவனுக்கு வந்திருப்பது மூளை நரம்பில், மனசில் இல்லை என்று அன்றைக்கு அவளுக்கு எடுத்துச்சொல்ல ஆளில்லை.

சந்தேகம். தன் முதுகுக்குப் பின்னால் பேசுகிறார்கள் என்று நினைப்பது. நினைக்கவே வேண்டாம், பேசினார்கள். எனக்கு வரன் பார்த்த காலத்தில் அப்பா ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுவார். அதோடு பேச்சு நின்றுவிடும். பிறகு அந்தச் செய்தி அடுத்த ஊர் வரைக்கும் எங்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருக்கும். இந்து திருமணச் சட்டத்துக்கு 1976-ல் வந்த திருத்தமே அடிக்கடி வலிப்பு வருகிறவரைப் பைத்தியத்தோடு சேர்த்து ஒரே உட்பிரிவில் வைத்தது. 1999-ல் இன்னொரு திருத்தம் கொண்டுவந்துதான் ‘வலிப்பு’ என்ற சொல்லை எடுத்தார்கள். இருபத்து மூன்று வருஷம் சட்டப் புத்தகத்திலேயே அப்படி எழுதியிருந்த நாட்டில், ‘என்னைப் பற்றித் தப்பாகப் பேசுகிறார்கள்’ என்று ஒருவன் ‘ஆம்’ போட்டால் அது நோயின் குறியா, ஊர் நடப்பா?

சுற்றி வளைத்துப் பேசுவதற்கு மட்டும் இரண்டு மூலம் அகப்பட்டது. ஒன்று தொழில். இன்னொன்று நிஜமாகவே நோய்தான். இடது பக்க டெம்பொரல் மடல் கெட்டிருந்தால் சொல் சட்டென்று வராது. ஒருநாள் கட்சிக்காரர் முன்னால் ‘வில்லங்கச் சான்று’ என்பது வாயில் வரவில்லை. நானே வாழ்நாளெல்லாம் மனுப் போட்டு வாங்குகிற காகிதம்! “அதாங்க, சொத்து மேல கடன் கிடன் இருக்கா, வேற யாருக்காவது எழுதிக் குடுத்திருக்கானு ஆபீஸ்ல தேடிக் குடுப்பாங்கள்ல, அந்தச் சீட்டு” என்று தலையைச் சுற்றி மூக்கைத் தொட்டேன். பார்க்கிறவருக்கு நான் வளவளக்கிறவன். உள்ளே நான் ஒரு சொல்லைத் தேடி அலைகிறவன். இடது பக்கத்தில் வலிப்புத் தொடங்குகிறவர்களிடம் இப்படி நீட்டிப் பேசுவது அதிகம் என்று ஆராய்ச்சிக்காரர்களும் கவனித்திருக்கிறார்கள். இதைக் குணம் என்று எழுதுவதா, பேச்சுக் குறை என்று எழுதுவதா?

சிரிப்பு வராமை. இது என் மனைவி நிரப்பிய படியில் இருந்தது. நகைச்சுவை உணர்வு குறைவு என்பதற்கு ‘ஆம்’ போட்டிருந்தாள். “இது வலிப்பாலயா?” என்று கேட்டேன். “உங்க அப்பாவுக்கு வலிப்பா இருந்துச்சு?” என்றாள். மேற்கொண்டு நான் கேட்கவில்லை.

பேர், ஃபெடியோ ஆராய்ச்சிக்கு வருகிறேன். அவர்கள் பார்த்த நோயாளிகள் முப்பது பேருக்கும் குறைவு. ஒப்பிட எடுத்துக்கொண்டது நோயில்லாதவர்களையும் தசைநரம்பு நோய் உள்ள சிலரையும். 1982-ல் டேன் மங்கஸ் என்பவர் அதே கேள்வித்தாளை மனநலச் சிகிச்சையில் இருக்கிற, வலிப்பே இல்லாதவர்களிடமும் கொடுத்துப் பார்த்தார். அவர்களும் கிட்டத்தட்ட அதே மாதிரி மதிப்பெண் வாங்கினார்கள். அதாவது அந்தத் தாள் வலிப்பைப் பிடிக்கவில்லை, மனசு படுகிற பாட்டைத்தான் பிடித்தது. 1999-ல் டெவின்ஸ்கியும் நஜ்ஜாரும் டெம்பொரல் மடல் வலிப்புக்கென்று ஒரு தனி ஆளுமை இருப்பதற்கு ஆதாரம் போதாது என்று நேராகவே எழுதினார்கள். மிகச் சிலரிடம் கெஷ்விண்ட் சொன்ன அந்தக் கலவை நிஜமாகவே தெரிகிறது என்று சொல்கிற மருத்துவர்களும் உண்டு. நான் மறுக்கவில்லை. ஆனால் சிலரிடம் இருப்பதை வைத்து எல்லாரையும் அந்தக் கண்ணால் பார்ப்பதைத்தான் மறுக்கிறேன்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1940-களில் வந்த எம்.எம்.பி.ஐ. என்ற பெரிய கேள்வித்தாளிலும் இதே சிக்கல். இன்றைக்கும் உலகமெல்லாம் உபயோகத்தில் இருக்கிறது, ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட வாக்கியங்கள். இடையில் தன்னை மறந்த நேரங்கள், நினைவு தப்புதல், உடம்பில் விசித்திர உணர்வு என்றெல்லாம் சில வரிகள் வரும். வலிப்பு உள்ளவன் உண்மையைச் சொன்னால் ‘ஆம்’ என்றுதான் சொல்ல வேண்டும். சொன்னால் மனச்சிதைவு அளவுகோலில் மதிப்பெண் ஏறும். நோயின் அறிகுறியையே குணக்கேடாக எண்ணிக் கூட்டிவிடுகிற தாள். தெரிந்த பரிசோதகர் அந்த வரிகளைத் தனியாக எடுத்துவைத்துப் பார்ப்பார். தெரியாதவர் கூட்டுத்தொகையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்துவார்.

பேர், ஃபெடியோ சொன்னதில் எனக்குச் சுவையாகப் பட்டது ஒன்று உண்டு. வலது பக்கக் கோளாறு உள்ளவர்கள் தங்களைக் கொஞ்சம் மெருகேற்றிச் சொல்கிறார்களாம். இடது பக்கத்துக்காரர்கள் தங்களைத் தாங்களே குறைத்துச் சொல்கிறார்களாம். நான் இடது. என் படியையும் மனைவி படியையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த மேடம், “வீட்டுக்காரம்மா உங்களுக்குப் போட்டிருக்கிறது நீங்களே போட்டுக்கிட்டதைவிட நல்ல மார்க்” என்றார். ஒரு ஆளை வைத்து ஒன்றும் நிரூபணமாகாது. இருந்தாலும் வீடு திரும்புகிற வழியெல்லாம் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அவள் ‘கோபம்’ என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்திவிட்டாள். “எப்பத்திய கோபம் மேடம்?” என்றாள். “இவருக்கு மூணு தினுசு கோபம் இருக்கு.”

எனக்கே தெரியாத கணக்கு அது. கைப்பையிலிருந்து சுருட்டிவைத்த மாதக் காலண்டரை எடுத்தாள். அரிசி மண்டியில் தீபாவளிக்குக் கொடுத்தது. பால் கணக்கு, கேஸ் பதிந்த தேதி, பாப்பா ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் நீல மையில். சில கட்டங்களில் சிவப்பில் ஒரு சின்ன ‘வ’. சிலவற்றில் ‘வ’வுக்கு முந்தின நாள் ஒரு புள்ளி. மாத்திரை மாற்றிய நாளில் மாத்திரைப் பெயரின் முதலெழுத்தும் மில்லிகிராமும்.

புள்ளி என்றால், “முகம் ஒரு மாதிரி ஆயிடும். தண்ணி குடுத்தாக்கூட ஏன்னு கேப்பாரு. நான் பாப்பாவை அப்பா பக்கம் போகாதேனு சொல்லிடுவேன். மறுநாள் வந்திரும்.” வலிப்புக்குச் சில மணி நேரம் முன்பிருந்து ஒரு நாள் முன்பு வரைக்கும்கூட சிலருக்குச் சிடுசிடுப்பு வருவதுண்டு. வலிப்பு வந்து போனதும் இறங்கிவிடும். இது முதல் தினுசு. இரண்டாவது, வலிப்பு முடிந்த கையோடு யாராவது என்னைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தால் கையை உதறுவேனாம். அதைக் கோபம் என்று சொல்வதே தப்பு என்றார் மேடம். குழப்பத்தில் இருக்கிறவரை இறுக்கிப் பிடித்தால் யாரும் திமிறத்தான் செய்வார்கள். பிடிக்காமல் கூடவே நடந்தால் போதும். ஆபீஸ் வாசலில் டீக்கடைக்காரர் இரும்புச் சாவியைக் கையில் திணிக்க வரும்போதெல்லாம் நான் உதறியிருக்கிறேன் என்று கேள்வி. அந்தச் சாவியால் ஒரு பிரயோஜனமும் கிடையாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவதுதான் வீட்டைப் படுத்தியது. போன வருஷம் லெவிடிராசெட்டம் என்ற மாத்திரையைச் சேர்த்தார்கள். வலிப்பு நன்றாகக் குறைந்தது. அந்தக் காலண்டர் தாள்களில் ‘வ’ தேடித்தான் பார்க்க வேண்டும். ஆனால் நான் வேறு ஆளானேன். காபி ஆறிப்போனதற்கு ஒரு சாயங்காலம் டவரா சுவரில் போய் மோதியது. பாப்பா கணக்கு நோட்டோடு என்னிடம் வருவதை நிறுத்திவிட்டு மாடி வீட்டு அக்காவிடம் போக ஆரம்பித்தாள். கோபம் வந்த அடுத்த நிமிஷம் எனக்கே எங்கிருந்து வந்தது என்று புரியாது. சொந்தக்காரர்கள் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள்: “வலிப்பு உள்ள ஆளுங்களே அப்படித்தான்.” வலிப்பு வராத மாதங்களில் அல்லவா இது நடந்தது என்று யாரும் கேட்கவில்லை.

மேடம் காலண்டரை வாங்கி விரலால் கட்டம் கட்டமாகப் பார்த்தார். மாத்திரைத் தேதி, அளவு கூட்டிய தேதி, அதற்குப் பக்கத்தில் மனைவி எழுதியிருந்த ‘சண்டை’. “இத நியூராலஜிஸ்ட்கிட்ட காமிச்சீங்களா?” காட்டவில்லை. ஓ.பி.யில் டாக்டர் கேட்பது ‘வலிப்பு வந்துச்சா?’ என்பது மட்டும்தான். வரவில்லை என்றதும் சீட்டில் அதே மாத்திரையை எழுதிவிடுவார், பின்னால் எண்பது பேர் நிற்கிறார்கள். லெவிடிராசெட்டம் சிலருக்கு எரிச்சலையும் கோபத்தையும் கொண்டுவரும் என்பது மருத்துவ உலகத்துக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். ஃபீனோபார்பிடோன் குழந்தைகளைத் துறுதுறுவென்று ஆக்கும், டோபிராமேட் சொற்களை மறக்கடிக்கும் என்பதும் அப்படியே. ஒரு மனுஷனின் குணத்தை அளக்க உட்காருகிறவர், அவன் என்ன மாத்திரை, எவ்வளவு, எப்போதிலிருந்து சாப்பிடுகிறான் என்று கேட்காமல் முதல் கேள்வியைக் கேட்கக் கூடாது.

வலிப்பு நின்றவுடன் நடத்தை கெடுவது பழைய கவனிப்பு என்றும் சொன்னார். 1950-களில் சுவிட்சர்லாந்தில் லண்டோல்ட் என்பவர், இ.இ.ஜி. சீராகும் நேரத்தில் சில நோயாளிகளுக்கு மனநிலை குலைவதைப் பார்த்து எழுதியிருக்கிறார். “உங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம் சார், மாத்திரையைப் பார்த்தாலே போதும்.”

ஒரு எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு யாரும் அன்றைக்கே மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் தொடர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். எனக்கு டாக்டர் லாமோட்ரிஜின் எழுதி, பழையதைப் படிப்படியாகக் குறைத்தார். இந்தப் புதியதையும் மெதுவாகத்தான் ஏற்ற வேண்டும், வேகமாக ஏற்றினால் தோலில் மோசமான தடிப்பு வரலாம். வாரக்கணக்கில் இரண்டையும் மாற்றி மாற்றி விழுங்கினேன்.

எல்லாக் கேள்வித்தாளும் மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. அன்றைக்கு நிரப்பியதிலேயே மிகச் சின்னது ஒன்று, ஆறே வரிகள்தான். 2006-ல் ஃபிராங்க் கில்லியமும் சக மருத்துவர்களும் வலிப்பு உள்ளவர்களுக்கென்றே செய்த மனச்சோர்வுக் கேள்வித்தாள். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி மட்டும் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து நாலு வரை மதிப்பெண், பதினைந்துக்கு மேல் போனால் மனச்சோர்வு இருக்கலாம், விரிவாகப் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். இதில் எனக்குப் பிடித்தது, கேட்காமல் விட்டது. வழக்கமான மனச்சோர்வுத் தாள்களில் தூக்கம், களைப்பு, பசி, கவனம் என்று கேட்பார்கள். வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறவனுக்கு மத்தியானம் மூன்று மணிக்கே கண் சொருகும், கவனம் பாதிதான் இருக்கும். அதற்கெல்லாம் மதிப்பெண் போட்டால் எல்லாரும் நோயாளிதான். அதனால் அந்த மாதிரி வரிகளை விட்டுவிட்டு, எல்லாமே போராட்டமாகத் தெரிகிறதா, எதிலாவது சந்தோஷம் வருகிறதா, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா என்று கேட்கிறது. கடைசியாகச் சொன்ன கேள்வியில் என் பேனா நின்றது. பக்கத்தில் மனைவி இருந்தாள். மேடம் அவளிடம், “அம்மா, வெளில ரிசப்ஷன்ல ஒரு சீட்டு வாங்கிட்டு வந்திர்றீங்களா?” என்றார். சீட்டு ஒன்றும் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். கதவு மூடியதும் பேசினோம். என்ன பேசினோம் என்பது இங்கே வேண்டாம். வலிப்பு உள்ளவர்களிடம் மனச்சோர்வு அதிகம், அதைக் கேட்காமலே விடுவதும் அதிகம். குணத்துக்குப் பதினெட்டுப் பெயர் வைப்பதைவிட இந்த ஒரு கேள்வியைத் தனியாக உட்காரவைத்துக் கேட்பதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன்.

யாராவது இந்தப் பரிசோதனைக்குப் போவதாக இருந்தால், வலிப்பு வந்த மறுநாள் போகாதீர்கள். அன்றைக்கு நீங்கள் நீங்களாக இருக்க மாட்டீர்கள், தேதியைத் தள்ளிக் கேட்டால் கொடுப்பார்கள். கூட வருகிறவர் உங்களோடு ஒரே வீட்டில் இருக்கிறவராக இருக்கட்டும். என் மாமா வந்து நிரப்பியிருந்தால் அது மாமாவின் குணத்துக்கான சான்றாக ஆகியிருக்கும். பழைய சீட்டுகள், காலண்டர், நோட்டு எது இருந்தாலும் பையில் போடுங்கள். செல்போனில் வலிப்பை வீடியோ எடுத்திருந்தால் அதுவும் உதவும்.

அறிக்கை ஒரு மாதம் கழித்து வந்தது. மூன்று பக்கம். என் தொழில் புத்தியில் எழுத்துப் பிழை தேடினேன், ஒரே ஒரு இடத்தில் மனைவி பெயரில் ஒற்று விட்டிருந்தது. நுணுக்கம், நீண்ட எழுத்து ஆகியவற்றுக்குப் பக்கத்தில் ‘தொழில் சார்ந்தது’ என்று இருந்தது. கோபத்துக்கு மாத்திரைத் தேதிகளோடு ஒரு பத்தி. மனநிலையை மறுபடி பார்க்க வேண்டும் என்று ஒரு வரி. ‘வலிப்பு நோயாளிக்குரிய குணம்’ என்று எங்கேயும் இல்லை.

ஆபரேஷன் முடிவு கடைசியில் வேறொரு தாளில் போய் நிற்கிறது. பதினைந்து சொற்களை ஒருவர் வாசிப்பார், நாம் திருப்பிச் சொல்ல வேண்டும், ஐந்து தடவை. பிறகு வேறு வேலை கொடுத்து அரைமணி கழித்து அதே சொற்களைக் கேட்பார்கள். கேட்டபோது எனக்குப் பாதிகூட வரவில்லை. இடது பக்கத்தை எடுத்தால் சொல் ஞாபகம் இன்னும் குறைய வாய்ப்பிருக்கிறது. ஏற்கெனவே குறைந்திருப்பவனுக்கு இழக்க இருப்பதும் குறைவு என்று டாக்டர் கணக்குச் சொல்கிறார். கணக்கு சரிதான். ஆனால் நாலெல்லையும் பெயர்களும் பிழைப்பாக இருக்கிறவன் அந்தக் கொஞ்சத்தையும் யோசித்துத்தானே கொடுக்க முடியும். சில மாதம் கழித்து அந்தச் சொற்களை இன்னொரு முறை கேட்டுவிட்டு மீட்டிங் போடலாம் என்றிருக்கிறார்கள். அதுவரைக்கும் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாள். அம்மா மட்டும் தினமும் எடுக்கிறாள்.